பிராசஸ் இன்ஜினியர் நேர்காணல்: கையில் இருக்கும் நாட்களை எதில் போடுவது?

நேர்காணல் தேதி கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, பழைய பாடப்புத்தகங்களைத் தேடி எடுத்து மேசையில் அடுக்குவது. நானும் அதையேதான் செய்தேன். மூன்றாம் நாள் இரவு மாஸ் டிரான்ஸ்ஃபர் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இன்னும் ஐந்து பாடங்கள் பாக்கி. படித்தது எதுவும் மனதில் தங்கவில்லை, பயம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

பிறகு வேலையில் சேர்ந்து, சில ஆண்டுகள் கழித்துக் கேள்வி கேட்கிற இடத்தில் உட்காரும் வாய்ப்பும் வந்தது. அங்கே உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. ஒன்றுமே படிக்காமல் வருகிறவர்கள் மிகக் குறைவு. திணறுகிறவர்களில் பலரும் ராப்பகலாகப் படித்துவிட்டு வந்தவர்கள்தான். அவர்கள் நேரத்தைப் போட்ட இடம்தான் தப்பு.

எப்படிப் பார்த்தாலும் நம்மிடம் இருப்பது பத்துப் பதினைந்து நாட்கள். அதைச் செலவழிக்க ஐந்து வழிகள் இருக்கின்றன. பாடங்களை முதலிலிருந்து திரும்பப் படிக்கலாம். கேள்வி பதில் தொகுப்புகளை மனப்பாடம் செய்யலாம். நாம் செய்த புராஜெக்டையோ வேலை பார்த்த யூனிட்டையோ அடிவரை தோண்டலாம். அழைத்திருக்கும் நிறுவனம் என்ன தயாரிக்கிறது, எப்படித் தயாரிக்கிறது என்று ஆராயலாம். யாரையாவது எதிரில் உட்காரவைத்துப் பேசிப் பழகலாம். ஐந்தையும் சம அளவில் செய்ய நாள் போதாது. எதற்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நான் பேசுவது கெமிக்கல், பெட்ரோலியம், மருந்து, உரம் போன்ற ஆலைகளின் பிராசஸ் இன்ஜினியர் வேலையைப் பற்றி. உதிரிபாகம், சிப் தயாரிப்பு போன்ற துறைகளிலும் இதே பதவிப் பெயர் உண்டு. அங்கே கன்ட்ரோல் சார்ட், பரிசோதனைத் திட்டமிடல், குறைபாடு குறைப்பு என்று கேள்விகள் வேறு பக்கம் போகும். நேர்காணலுக்குத் தயாராகும் முறை கொஞ்சம் மாறினாலும் கீழே சொல்லும் ஒப்பீடு அங்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பாடப்புத்தகமா, கேள்வித் தொகுப்பா?

முதலில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பலரும் தடுமாறுவது இங்கேதான்.

பாடங்களைத் திரும்பப் படிப்பதில் உள்ள நன்மை வெளிப்படையானது. அடித்தளம் உறுதியாகும், எங்கிருந்து கேள்வி வந்தாலும் யோசிக்க ஏதோ ஒன்று கையில் இருக்கும். ஆனால் நான்கு ஆண்டுகள் படித்ததை இரண்டு வாரத்தில் திரும்பப் படிப்பது நடக்கிற காரியம் இல்லை. தவிர, பாடப்புத்தகம் பரீட்சைக்காக எழுதப்பட்டது. கலவையைக் கொதிக்கவைத்துப் பிரிக்கும் டிஸ்டிலேஷன் கோபுரத்துக்கு எத்தனை தட்டுகள் வேண்டும் என்று, மெக்கேப், தீலே இருவரும் 1925இல் வெளியிட்ட வரைபட முறையில் கண்டுபிடிக்க அது சொல்லித்தரும். அந்தக் கோபுரத்தில் அழுத்த வித்தியாசம் திடீரென்று ஏறினால் முதலில் எந்த மீட்டரைப் பார்ப்பது என்று சொல்லித்தராது. நேர்காணலில் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகைக் கேள்வி.

கேள்வித் தொகுப்பு இதற்கு நேர் எதிர். சீக்கிரம் முடியும், நிறையப் படித்த திருப்தி வரும். முதல் கேள்விக்குக் கைகொடுக்கவும் செய்யும். மூன்றாவது கேள்வியில் விட்டுவிடும்.

எப்படி என்று காட்டுகிறேன். டிஸ்டிலேஷன் கோபுரத்தில் ரிஃப்ளக்ஸை, அதாவது மேலே வந்து குளிர்ந்த திரவத்தில் கோபுரத்துக்கே திருப்பி விடும் பங்கை, கூட்டினால் என்ன ஆகும் என்பது எல்லாத் தொகுப்பிலும் இருக்கும் கேள்வி. மேலே வரும் பொருளின் தூய்மை கூடும் என்பது பதில். சரி. உடனே அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் எப்போதும் கூட்டியே வைத்துக்கொள்ளலாமே, ஏன் செய்வதில்லை? கீழே கொதிக்கவைக்கும் ரீபாய்லருக்கு நீராவி அதிகம் போகும், மேலே ஆவியைத் திரவமாக்கும் கண்டென்சருக்கும் வேலை கூடும், செலவு ஏறும். இதுவும் சில தொகுப்புகளில் இருக்கும். மூன்றாவது கேள்வி: நான் ரிஃப்ளக்ஸைக் கூட்டினேன், தூய்மை குறைந்துவிட்டது, ஏன்? இங்கே மனப்பாடம் நின்றுவிடும். கோபுரத்துக்குள் மேலே ஏறும் ஆவியும் கீழே இறங்கும் திரவமும் இரண்டுமே கூடிவிட்டன என்று மனதில் படம் ஓடினால்தான், ஒரு கட்டத்துக்கு மேல் திரவம் இறங்க வழியில்லாமல் தட்டுகளில் தேங்கும், கோபுரம் ஃபிளட் ஆகும், பிரிப்பு கெடும் என்று சொல்ல வரும். அதை எப்படி உறுதி செய்வாய் என்று நான்காவதாகக் கேட்பார்கள். அழுத்த வித்தியாசத்தைப் பார்ப்பேன் என்று சொல்பவர் ஆலையை மனதில் வைத்துப் பேசுகிறார் என்பது கேட்பவர்களுக்கு அங்கேயே புரிந்துவிடும்.

ஆகவே கேள்வித் தொகுப்பை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. பதில் பகுதியை மூடிவிட்டு, கேள்வியை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ‘ஏன்’, ‘எப்படித் தெரியும்’, ‘அது நடக்காவிட்டால்’ என்று மூன்று கேள்விகளை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படி இருபது கேள்விகளை முடிப்பது, இருநூறு பதில்களைப் படிப்பதைவிட மேல்.

பாடங்களைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் தொடாதீர்கள். மாஸ் பேலன்ஸ் (உள்ளே வரும் பொருளுக்கும் வெளியே போகும் பொருளுக்கும் வரவு செலவுக் கணக்கு), ஹீட் பேலன்ஸ் (அதே கணக்கு வெப்பத்துக்கு), பம்ப்பும் குழாயும், ஹீட் எக்ஸ்சேஞ்சர் (ஒரு திரவத்தின் வெப்பத்தை இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) என்ற நான்கையும் விடவே கூடாது. வேலை எதைச் சுற்றியது என்பதைப் பார்த்து டிஸ்டிலேஷனோ ரியாக்டரோ உலர்த்தலோ ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கருவிகளும் கட்டுப்பாடும் பற்றி ஓரளவு போதும். காற்றால் இயங்கும் கன்ட்ரோல் வால்வுக்குக் காற்று நின்றுபோனால் எது திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தால், ரீபாய்லரின் நீராவி வால்வு ஏன் மூடிக்கொள்ள வேண்டும், கூலிங் வாட்டர் வால்வு ஏன் திறந்துகொள்ள வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால், பாதிக் கேள்விகள் கடந்துவிடும். லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்மை மறுபடி படிக்க உட்கார வேண்டாம்.

மனக்கணக்குக்கு ஒரு மாலை

எல்லா வழிகளுக்கும் பொதுவாக, நிறையப் பேர் தவறவிடும் ஒன்று இது. கால்குலேட்டர் இல்லாமல், தோராயமாக, பேசிக்கொண்டே கணக்குப் போடப் பழக வேண்டும். இதற்கு ஒரு மாலை நேரம் போதும், பலனோ மிக அதிகம்.

மணிக்கு 10 கன மீட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு நீராவி வேண்டும் என்று கேட்டால் பலரும் பேனாவை எடுத்துக்கொண்டு சூத்திரம் எழுத ஆரம்பிப்பார்கள். பத்தாயிரம் கிலோ, ஒரு கிலோவுக்கு டிகிரிக்கு 4.2 கிலோஜூல், 50 டிகிரி. பெருக்கினால் ஏறக்குறைய 21 லட்சம் கிலோஜூல். தாழ்ந்த அழுத்த நீராவி ஒரு கிலோ சுருங்கித் தண்ணீராகும்போது தோராயமாக 2,100 கிலோஜூல் தரும். ஆக மணிக்கு ஒரு டன் நீராவி. அரை நிமிட வேலை. வெப்ப அளவை கிலோவாட்டில் கேட்டால் 580 பக்கம்.

அதேபோல் பம்ப். மணிக்கு 50 கன மீட்டர் தண்ணீரை 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற எவ்வளவு சக்தி வேண்டும்? தண்ணீருக்கு மட்டும் ஐந்தரை கிலோவாட். பம்ப்பின் திறன் 65 சதவீதம் என்று வைத்தால் எட்டரைக்குச் சற்றுக் குறைவு. மோட்டார் 11 கிலோவாட் போடுவேன் என்று சொல்லி, ஏன் அடுத்த அளவுக்குப் போகிறேன் என்றும் சொன்னால் அதற்குமேல் அந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை.

பத்து மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார், நீரின் ஆவியாதல் வெப்பம் 100 டிகிரியில் கிலோவுக்கு 2,257 கிலோஜூல், குழாயில் திரவத்தின் வேகம் வழக்கமாக நொடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் வரை, பம்ப்பின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஓட்டம் இரண்டு மடங்கு, ஹெட் (பம்ப் ஏற்றக்கூடிய உயரம்) நான்கு மடங்கு, சக்தி எட்டு மடங்கு. இப்படிப் பத்துப் பதினைந்து எண்கள் நாக்கு நுனியில் இருந்தால் போதும். விடை துல்லியமா என்று யாரும் பார்ப்பதில்லை. பத்து மடங்கு தப்பாகச் சொல்லிவிட்டு அது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள்.

நாம் செய்ததைத் தோண்டுவது

என்னைக் கேட்டால் கையில் இருக்கும் நேரத்தில் கணிசமான பங்கை இங்கே போட வேண்டும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், என் முதல் நேர்காணலில் நான் விழுந்தது இங்கேதான்.

ரெஸ்யூமேயில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் டிசைன் என்று புராஜெக்ட் போட்டிருந்தேன். எதிரில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார்.

“குழாய்க்குள்ளே எந்தத் திரவம் விட்டீங்க?”

“கூலிங் வாட்டர், சார்.”

“ஏன்?”

“கூலிங் வாட்டர் அழுக்குப் படியவைக்கும், சார். குழாய்க்குள்ளே இருந்தா பிரஷ் விட்டுச் சுத்தம் பண்றது சுலபம்.”

தலையை ஆட்டினார். ரெஸ்யூமேயைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

“யூ வடிவக் குழாய்னு எழுதியிருக்கீங்க. அந்த வளைவுல பிரஷ் எப்படிப் போகும்?”

எனக்கு வாயடைத்துவிட்டது. அந்த யூ வடிவத்தை நான் யோசித்துத் தேர்ந்தெடுக்கவே இல்லை. எங்களுக்கு முந்தைய ஆண்டு மாணவர்கள் செய்த அறிக்கையில் இருந்தது, அப்படியே எடுத்துக்கொண்டோம். வெப்பப் பரப்பளவை மூன்று இலக்கத் துல்லியத்தோடு கணக்குப் போட்டிருந்தோம். எதற்காக அந்த வகை என்று குழுவில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. யூ வடிவக் குழாய் வெப்பத்தால் நீள்வதற்குத் தாராளமாக இடம் கொடுக்கும், விலை குறைவு, ஆனால் உள்ளே சுத்தமான திரவம் ஓடுகிற இடத்துக்கே அது நல்லது. இதை அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தால்கூட, அப்படியானால் இங்கே நேரான குழாய்கள் கொண்ட மிதக்கும் தலை வகையைப் போட்டிருக்க வேண்டும் என்று என் டிசைனில் இருந்த தப்பை நானே ஒப்புக்கொண்டிருக்கலாம். அது நல்ல பதிலாகவே இருந்திருக்கும்.

ரெஸ்யூமேயில் நாம் எழுதும் ஒவ்வொரு வரியும், இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நாமே கொடுக்கும் அனுமதி. மற்ற கேள்விகள் எங்கிருந்து வரும் என்று தெரியாது. இவை எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்த இடத்தில் நேரம் போடாமல் தெரியாத இடத்தில் போடுவானேன்?

தோண்டுவது என்றால் எப்படி? ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்கள் யூனிட்டை எதையும் பார்க்காமல் வரையுங்கள். உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது, எவ்வளவு, எந்த வெப்பநிலை, எந்த அழுத்தம். எண்களைப் போட்டதும் வரவும் செலவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாது. முதல் தடவை எனக்கும் போகவில்லை, நான் பார்த்தவர்களுக்கும் போகவில்லை. எங்கே இடிக்கிறது என்று தேடும் அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வது ஒரு வாரப் படிப்புக்குச் சமம்.

அப்புறம் ஒவ்வொரு எண்ணையும் பார்த்து ‘ஏன் இது?’ என்று கேளுங்கள். கோபுரம் ஏன் இந்த அழுத்தத்தில் ஓடுகிறது? பலருக்கும் இதற்கு விடை தெரியாது, ஆனால் விடை மிக அழகானது. மேலே வரும் ஆவியைக் கூலிங் வாட்டரால் குளிரவைக்க வேண்டும் என்றால், அது 45, 50 டிகிரியிலாவது திரவமாகிவிட வேண்டும். புரொப்பேன் 45 டிகிரியில் திரவமாக வேண்டுமானால் சுமார் 15 பார் அழுத்தம் வேண்டும். ஆக கோபுரத்தின் அழுத்தத்தைத் தீர்மானித்தது கண்டென்சரில் ஓடும் தண்ணீர். சூடு பட்டால் கெட்டுப்போகும் பொருள் என்றால் காரணம் மறுபக்கம், கீழே ரீபாய்லரின் வெப்பநிலையைக் குறைப்பதற்காக வெற்றிடத்தில் ஓட்டுவார்கள். ஒரு எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், வேறு எந்தக் கோபுரத்தைப் பற்றிக் கேட்டாலும் அதே பாதையில் யோசிக்க வரும்.

கடைசியாக, இந்த எண் உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி. ஓட்டம் மணிக்கு 40 கன மீட்டர் என்றால் அளந்தது ஆரிஃபிஸா, மேக்னெடிக் மீட்டரா? மட்டம் 60 சதவீதம் என்றால் எந்த வகை டிரான்ஸ்மிட்டர்? அழுத்த வித்தியாசத்தை வைத்து மட்டம் காட்டும் கருவி திரவத்தின் அடர்த்தியை நம்பித்தான் காட்டுகிறது. அடர்த்தி மாறினால் அது காட்டும் மட்டமும் பொய்.

இது ஏதோ நுணுக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த வெடிவிபத்தில், 170 அடிக் கோபுரம் ஒன்று சுமார் 158 அடி வரை திரவத்தால் நிரம்பியிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த மீட்டரோ மட்டம் சாதாரணமாக இருக்கிறது, மெதுவாக இறங்குகிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்த டிரான்ஸ்மிட்டர் திரவத்தில் முழுவதும் மூழ்கிப்போயிருந்தது. சூடேறச் சூடேற அடர்த்தி குறைந்தது, அதை அது மட்டம் குறைவதாகக் காட்டியது. திரவம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வெளியே எதுவும் வரவில்லை என்று யாராவது ஒரு எளிய மாஸ் பேலன்ஸ் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். இதைச் சொல்லிவிட்டு, உங்கள் யூனிட்டில் அப்படி எந்தக் கருவி ஏமாற்றக்கூடும் என்றும் சொன்னால், உங்கள் பேச்சுக்கு வேறு எடை வந்துவிடும்.

புதிதாகப் படித்து முடித்தவர்கள், எனக்கு ஆலை அனுபவமே இல்லையே என்பார்கள். கல்லூரி ஆய்வகத்தில் ஓட்டிய ஒரு சின்னப் பரிசோதனை போதும். பாயும் நீரின் ரெனால்ட்ஸ் எண் பார்த்த பரிசோதனையாகவே இருக்கட்டும். 2,100க்குக் கீழே சீரான ஓட்டம், 4,000க்கு மேலே கொந்தளிப்பு என்று புத்தகம் சொல்கிறது. உங்கள் பரிசோதனையில் எங்கே மாறியது, ஏன் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை? அதற்கு ஒழுங்காக விடை சொன்னாலே போதும்.

நிறுவனத்தைப் பற்றிப் படிப்பது

எந்த ஆண்டு தொடங்கினார்கள், எத்தனை கிளைகள் என்பதெல்லாம் படித்து வைத்தால் ஒரு நிமிடப் பேச்சுக்கு உதவும், அவ்வளவுதான். அவர்கள் என்ன தயாரிக்கிறார்கள், அது எந்த வேதிவினையில் வருகிறது, எந்த வெப்பநிலை, எந்த அழுத்தம், எங்கே சிக்கல் வரும் என்று ஒரு நாள் உட்கார்ந்து படிப்பது வேறு விஷயம்.

அம்மோனியா தயாரிப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1913இல் ஜெர்மனியில் ஓப்பாவில் முதல் ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து அடிப்படை முறை ஒன்றுதான். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இரும்பு வினையூக்கியின் மேல் 400 முதல் 500 டிகிரியில், உயர் அழுத்தத்தில் சேர்கின்றன. ஒரு சுற்றில் மாறுவது சிறு பங்குதான், மீதியைத் திரும்பச் சுற்றுக்கு விடுகிறார்கள். இங்கே வரும் கேள்வி: சுற்றிலிருந்து கொஞ்சம் வாயுவை ஏன் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? காற்றோடு வந்த ஆர்கானும் மாறாமல் தங்கிய மீத்தேனும் எதனோடும் சேராது. வெளியேற்றாவிட்டால் சுற்றுக்குள் சேர்ந்துகொண்டே போய் வினையைக் கெடுக்கும். அதிகம் வெளியேற்றினால் ஹைட்ரஜனும் சேர்ந்து வீணாகும். எவ்வளவு வெளியேற்றுவது என்பது நல்ல மாஸ் பேலன்ஸ் கேள்வி. நிறுவனத்தைப் படிக்கப் போய் அடிப்படைப் பாடமும் சேர்ந்து படித்ததாகிவிடும். அதனால்தான் இந்த வழிக்கு ஒரு நாள் ஒதுக்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டு நாள் வேண்டாம். அவர்கள் ஆலையைப் பற்றி அவர்களைவிட நமக்கு ஒருபோதும் அதிகம் தெரியப்போவதில்லை.

இதே நாளில் பாதுகாப்புக்கும் அரை வேளை கொடுங்கள். ஆலையின் ஆபத்துகளை முறையாக அலசும் ஹேசாப் என்றால் என்ன, ‘இல்லை’, ‘அதிகம்’, ‘குறைவு’, ‘தலைகீழ்’ போன்ற வழிகாட்டிச் சொற்களை ஓட்டம், அழுத்தம், வெப்பநிலை இவற்றோடு சேர்த்து எப்படிக் கேள்வி எழுப்புகிறார்கள் என்று ஒரு சின்னப் பகுதிக்காவது செய்து பாருங்கள். ஆலையில் ஒரு மாற்றம் செய்யும்போது என்னென்ன பார்ப்பாய் என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ஆலையில் 28 பேர் இறந்ததற்குக் காரணம் அப்படியொரு மாற்றம்தான். விரிசல் விட்ட ஐந்தாவது ரியாக்டரை எடுத்துவிட்டு, நான்கையும் ஆறையும் இணைக்கத் தற்காலிகக் குழாய் ஒன்றைப் போட்டார்கள். அதற்கு முறையான வரைபடமே இல்லை, பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்ததுதான் இருந்தது. இரண்டு பக்கமும் பெல்லோஸ் (வளைந்துகொடுக்கும் மடிப்பு இணைப்பு) இருந்ததால் அழுத்தத்தில் அந்தக் குழாய் எப்படி அசையும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இதை அறிந்தவர் மாற்ற மேலாண்மை என்ற சொல்லை மனப்பாடமாகச் சொல்லமாட்டார்.

தனியாகப் படிப்பதா, பேசிப் பழகுவதா?

மனதுக்குள் தெளிவாக இருப்பது வாயில் வரும்போது குழம்பிவிடும். இது எல்லோருக்கும் நடக்கும். எனவே பேசிப் பழகுவது தவிர்க்க முடியாதது. ஆனால் எப்போது தொடங்குவது என்பதில் பலர் தப்பு செய்கிறார்கள். எல்லாம் படித்து முடித்துவிட்டுக் கடைசி இரண்டு நாளில் பேசிப் பார்ப்போம் என்று தள்ளுகிறார்கள். மூன்றாம் நாளே தொடங்கிவிட வேண்டும். பேசும்போதுதான் எது தெரியவில்லை என்று தெரியும், பிறகு அதைப் போய்ப் படிக்கலாம்.

எதிரில் உட்காருபவர் பிராசஸ் இன்ஜினியராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வேறு துறை நண்பரிடம் உங்கள் யூனிட்டைத் தாளில் வரைந்து விளக்குங்கள், அவருக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி ‘ஏன்’ என்று கேட்கச் சொல்லுங்கள். துறை தெரியாதவர் கேட்கும் ‘ஏன்’ சில சமயம் நிபுணர் கேட்பதைவிடக் கூர்மையாக இருக்கும். யாருமே கிடைக்காவிட்டால் போனில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள்.

வரைந்துகொண்டே பேசுவது இதில் முக்கியம். நான் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தபோது வழக்கமாகக் கொடுத்த பயிற்சி ஒன்று: ஒரு டேங்க், அதிலிருந்து ஒரு பம்ப், பம்ப்பிலிருந்து ஒரு ரியாக்டர். மீதியை வரையுங்கள். ஷிஃப்டில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் டேங்க்கின் அடியில் வால்வு, பிறகு ஸ்ட்ரெய்னர், பம்ப், அதன் மேல் அழுத்தமானி, திரவம் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு, அடைப்பு வால்வு, டேங்க்குக்கே திரும்பும் ஒரு சின்னக் குழாய் என்று பேசாமல் வரைந்துகொண்டே போனார். அந்தச் சின்னக் குழாய் எதற்கு என்றேன். “வெளியே மூடியிருக்கிறப்ப பம்ப் ஓடினா சூடாயிடும் சார், கொஞ்சமாவது ஓட்டம் வேணும்” என்றார். அவருக்குச் சூத்திரங்கள் அவ்வளவாக நினைவில் இல்லை. அது எனக்குப் பொருட்டாகவே படவில்லை.

இன்னொருவர், நல்ல மதிப்பெண் எடுத்தவர், செக் வால்வை விட்டுவிட்டார். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரியாக்டரில் இருந்த அழுத்தத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “திரும்பி வரும்... பம்ப் தலைகீழாச் சுத்தும்... டேங்க்குக்குள்ளே ரியாக்டர்ல இருக்கிறது வந்துடும்” என்று தானாகவே சொல்லி, செக் வால்வை வரைந்தார். பிறகு, செக் வால்வை மட்டும் நம்ப முடியாது, அதுவும் கசியும் என்றும் சேர்த்தார். இரண்டு பேரையும் எடுத்தோம்.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்வதா, ஊகித்துச் சொல்வதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே சிறந்தது. விடை எனக்குத் தெரியவில்லை, ஆனால் இப்படி யோசிக்கிறேன் என்று தொடங்கி, எடுத்துக்கொள்ளும் அனுமானங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நன்றாக ஓடிய பம்ப் சூடான தண்ணீரில் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் போடுகிறது, ஏன் என்று கேட்டால், கேவிடேஷன் என்ற சொல் நினைவுக்கு வராவிட்டாலும் பாதகமில்லை. திறந்த டேங்க்கில் காற்றழுத்தம் சுமார் 10 மீட்டர் தண்ணீர் உயரம் தருகிறது. 30 டிகிரி தண்ணீரின் ஆவியழுத்தம் அதில் அரை மீட்டரைக்கூடத் தின்னாது, 90 டிகிரியில் ஏழு மீட்டருக்கு மேல் போய்விடும், பம்ப்பின் வாயில் திரவம் ஆவியாகத் தொடங்கும் என்று படிப்படியாகப் போனால் வந்து சேர்ந்துவிடலாம். தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்வதை மட்டும் செய்யவே வேண்டாம். ஆலையில் அப்படிப் பேசுகிறவரை யாரும் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

யாருக்கு எது?

புதிதாகப் படித்து முடித்தவருக்கு இரண்டு வாரம் இருந்தால், முதல் ஐந்து நாள் அந்த நான்கு அடிப்படைப் பாடங்கள், பிறகு நான்கு நாள் புராஜெக்டைத் தோண்டுவது, ஒரு நாள் நிறுவனமும் பாதுகாப்பும், மீதி நாட்கள் வரைந்து பேசுவது. பேச்சுப் பயிற்சி மூன்றாம் நாளிலிருந்தே தினமும் அரை மணி. ஐந்தே நாள்தான் இருக்கிறது என்றால் பாடங்களை ஒரே நாளாகச் சுருக்குங்கள், புராஜெக்டைச் சுருக்காதீர்கள்.

நான்கைந்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்குப் பாடப்புத்தகம் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. அவரிடம் கேட்கப்போவது நீ என்ன மாற்றினாய், எவ்வளவு மிச்சமானது, அதை எப்படி அளந்தாய் என்பதே. நாங்கள் செய்தோம் என்று பன்மையில் பேசிப் பழகியவர்கள், அதில் தன் கை எது என்று பிரித்துச் சொல்லப் பழக வேண்டும். சரியாக வராமல் போன ஒரு வேலையையும் எடுத்து வையுங்கள். அதைக் கேட்காத நேர்காணலை நான் பார்த்ததில்லை.

ஆலையில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு டிசைன் அலுவலகத்துக்குப் போகிறவருக்கு மட்டும் என் கணக்கு மாறும். அவருக்கு எந்திரங்கள் கைவந்தவை, குறைவது கணக்குதான். அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வு எந்தச் சூழலுக்காக அளவிடப்படுகிறது, லைன் அளவை எப்படி முடிவு செய்கிறார்கள், கண்ட்ரோல் வால்வுக்கு எவ்வளவு அழுத்த இழப்பு ஒதுக்குகிறார்கள் என்பவற்றை அவர் உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். டிசைனிலிருந்து ஆலைக்குப் போகிறவருக்கு நேர் எதிர். அவர் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, காலையில் வந்ததும் முதலில் எந்த எண்ணைப் பார்ப்பீர்கள், எதைக் கண்டால் பதறுவீர்கள் என்று இரண்டு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொள்வது, எந்தப் புத்தகத்தையும்விட உதவும்.

நேர்காணல் முடிவில் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். விடுமுறையையும் சம்பளத்தையும் பற்றிக் கேட்க வேறு நேரம் வரும். இந்த யூனிட்டில் இப்போது உற்பத்தியைத் தடுக்கும் இடம் எது, கடைசியாக எப்போது ஹேசாப் செய்தீர்கள், அதில் சொன்னவற்றில் எத்தனை முடிந்தன என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலிலிருந்து, அந்த ஆலையில் நீங்கள் வேலை பார்க்க விரும்புகிறீர்களா என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.